நான்கு தம்ளர்களும் ஒரு கரண்டித் தயிரும்

ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துவந்த லேவன்ஹூக், மிளகு ஊறிய நீரில் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஜீவராசிகள் நீந்தித் திரிவதைத் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே கண்டு, 1676-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதியபோது, அச்சங்கத்துப் பண்டிதர்கள் அதை உடனே நம்பிவிடவில்லை. மறு ஆண்டு ராபர்ட் ஹூக் அதே மிளகு நீரைத் தயாரித்து அவர்கள் கண்முன் காட்டிய பிறகே சந்தேகம் தீர்ந்தது. மகா மேதாவிகளுக்கே பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியிருந்ததென்றால், பத்து வயதுப் பாலகர்கள் மட்டும் பாடபுத்தகத்தின் ஒரு பத்தியை நெட்டுருப் பண்ணி நம்பிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

அதிலும் நம் குழந்தைகளுக்குக் கிருமி என்பது பெரும்பாலும் பயமுறுத்தலாகவே அறிமுகமாகிறது. வியாதியை உண்டாக்கும் கிருமிகளைப் பற்றி அவர்கள் அவசியம் அறியவேண்டும். ஆனால், தங்கள் வீட்டுச் சமையலறையில் இரவுதோறும் நமக்காக உழைக்கும் கிருமிகளை முதலில் அறிந்துகொண்டு, பிறகு மற்றவற்றுக்கு வருவதே உசிதமான கிரமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

காய்ச்சிய பாலை நான்கு தம்ளர்களில் ஊற்றி, முதல் தம்ளரில் பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது அரைக் கரண்டித் தயிரை உறை ஊற்றவேண்டும். இரண்டாவதில் உறையே கூடாது. மூன்றாவதில் பாலை நன்றாகக் குளிரவைத்து உறை ஊற்றி, பனிக்கட்டி நிறைந்த பாத்திரத்தில் வைக்கவேண்டும். நான்காவதில் ஊற்றும் தயிரைச் சிறிது நீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் சேர்க்கவேண்டும். ஏழெட்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதல் தம்ளர் மட்டுமே தோய்ந்திருக்கும்.

இந்த நான்காவது தம்ளரிலேதான் பரிசோதனையின் ஜீவநாடி இருக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் பால் திரிந்துபோவதைக் கண்டிருக்கும் புத்திசாலிக் குழந்தை, தயிரிலுள்ள புளிப்புத்தானே பாலையும் தயிராக்குகிறது என்று கேட்கும். கேட்கவேண்டும். கொதித்த தயிரிலும் அதே புளிப்பு இருந்தும் பால் பாலாகவே நிற்பதை அது பார்க்கும்போது, கொதியில் மடிந்துபோன ஏதோ ஒன்று உயிருள்ளதாக இருந்திருக்கவேண்டும் என்ற அனுமானம், உபாத்தியாயர் வாய் திறவாமலே அதன் மனத்தில் உதித்துவிடும். குளிரில் வைத்த மூன்றாவது தம்ளரை வெளியே எடுத்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் அதுவும் தோய்ந்துவிடும். குளிர் அவ்வுயிர்களை அடக்கிவைத்ததேயன்றி அழித்துவிடவில்லை. பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அவை லாக்டிக் அமிலத்தை வெளிவிட, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்த புரதத் துகள்கள் அவ்வமிலத்தால் விலகும் சக்தியை இழந்து கைகோத்து நிற்பதுதான் தயிர். செம்பருத்தி இதழைத் தேய்த்து ஊதா நிறமேற்றிய காகிதத்தில் தயிரின் தெளிநீரை ஒரு சொட்டு விட்டால், அவ்விடம் இளஞ்சிவப்பாக மாறி அமிலத்துக்குச் சாட்சி சொல்லும். பால் புளிப்பது ஜீவக்கிரியையே என்று பாஸ்டர் 1857-இல் ஸ்தாபித்ததைப் பாடமாகச் சொல்வதற்கு இதுவே தக்க தருணம்.

ஈரரொட்டித் துண்டைப் பையில் கட்டிவைத்துப் பூஞ்சணம் பூப்பதையும் காட்டலாம்; ஆனால், அந்தப் பையை எக்காரணத்தைக் கொண்டும் திறவாமல், வெளியிலிருந்தே பார்த்துவிட்டு அப்படியே அப்புறப்படுத்த வேண்டும்.

கிராமத்துப் பள்ளிகளுக்கு இதைவிடச் சிறந்த பரிசோதனைச்சாலை வயலிலேயே இருக்கிறது. நிலக்கடலைச் செடியையோ தட்டைப்பயற்றுச் செடியையோ மண் உதிராமல் தோண்டியெடுத்து வேரைக் கழுவினால், கடுகுமணி போன்ற முடிச்சுகள் காணப்படும். ஒன்றை நகத்தால் நறுக்கிப் பார்த்தால், உள்ளே நம் இரத்தச் சிவப்புக்குக் காரணமான பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒரு புரதம் இளஞ்சிவப்பாகத் தோன்றும். அம்முடிச்சுகளில் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் நுண்ணுயிர்களைப் பெயரிங்க் என்னும் விஞ்ஞானி தனியே பிரித்தெடுத்தது 1888-இல். அவரும் டெல்ஃப்ட் நகரில் பணியாற்றியவரே. நடவுக்கு முன், இதேபோல் வேர்முடிச்சுள்ள தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழும் தகப்பனாரின் செய்கைக்குக் காரணம் குழந்தைக்கு இங்கே விளங்கும். முடிச்சு முதிர்ந்து வேலை ஓய்ந்தால் உள்நிறம் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிடுமாதலால், அறுவடைக்குக் காத்திராமல், செடி பூக்கும் பருவத்திலேயே பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் செல்வது உத்தமம்.