கடல் கடந்து ஒரு வீடு

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. சொந்த ஊரிலே, தெரிந்த கொத்தனாரை வைத்து, கண்ணெதிரே கட்டும் வீட்டைப் பற்றியே அவர்கள் அப்படிச் சொன்னார்கள். மொழி தெரியாத நாட்டில், சட்டம் தெரியாத ஊரில், ஆண்டுக்கு நான்கு வாரம் தங்குவதற்காக ஒரு வீடு வாங்குவதைப் பற்றி அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ!

விடுதி அறையில் இருவர் மூவராக அடைந்து கிடக்கும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இன்று டில்லியின் பெரிய ஓட்டல்களில் அயல்நாட்டு வீடுகளை விற்பதற்கென்றே கண்காட்சிகள் நடக்கின்றன. அங்கே செல்வோர் கோடீசுவரர்கள் மட்டுமல்லர்; முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற நம் தந்தையரும் மாமன்மாரும் செல்கிறார்கள். என் தாய்மாமன் ஒருவர் துபாயில் கடலோரமாக ஓர் அடுக்குமாடி வீட்டைத் தவணை முறையில் வாங்கலாமா என்று ஆறு மாதமாக எண்ணிக்கொண்டிருக்கிறார். "நீ புள்ளியியல் படிக்கிறவன்தானே, கணக்குப் போட்டுச் சொல்லடா" என்று என்னிடம் கேட்டார். கைக்கு வந்த சேமநிதியில் பெரும்பகுதி அதற்குப் போய்விடும். அத்தையின் மருத்துவச் செலவுக்கும் அதே பணந்தான். ஆகவே இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று.

கணக்குப் போட நான் எடுத்துக்கொண்ட நாடு ஸ்பெயின். அந்நாட்டின் மத்தியதரைக் கடற்கரையில் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் பல பத்தாண்டுகளாக ஓய்வு வீடுகள் வாங்கி வருகிறார்கள். ஆசை, ஏற்றம், வீழ்ச்சி, வழக்கு, தீர்ப்பு என்று எல்லாக் கட்டங்களையும் அங்கே முழுமையாகக் காணலாம். பிறர் பட்ட பாட்டில் நாம் பாடம் கற்பது மலிவல்லவா?

முதலாவது, உரிமை பற்றிய ஆபத்து. நம் ஊரில் நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்கிறோம். ஸ்பெயினிலும் பதிவு அலுவலகத்தில் 'நோட்டா சிம்ப்ளே' என்ற ஒரு சுருக்கக் குறிப்பு கிடைக்கும். சொத்து யாருடையது, அதன்மேல் கடன் உண்டா என்பதை அது சொல்லும். ஆனால் அந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி சட்டப்படி செல்லுமா என்பது வேறு கேள்வி. அல்மேரியா மாவட்டத்தில் வேரா என்னும் ஊரில் ஓர் ஆங்கிலேயத் தம்பதியர் நகராட்சியின் அனுமதி பெற்றே வீடு கட்டினார்கள். அது வீடு கட்டத்தகாத நிலம் என்று மாநில அரசு வழக்காடி அந்த அனுமதியைச் செல்லாததாக்கியது. 2008 ஜனவரியில் வீடு இடிக்கப்பட்டது. அதன் பின் பல ஆண்டுகள் அவர்கள் எஞ்சி நின்ற கார்க் கொட்டகையிலேயே வாழ்ந்தார்கள். அனுமதி கொடுத்த கை ஒன்று, இடித்த கை மற்றொன்று. நடுவில் நசுங்கியவர் வாங்கியவர்.

கடலை ஒட்டிய வீட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 1988-ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் கரையோர நிலத்தைப் பொதுச் சொத்து என்று வரையறுத்தது. அந்த எல்லைக்குள் முன்பே வீடு வைத்திருந்தோர் பலருக்குச் சொந்த உரிமை போய், குறித்த காலத்துக்கு அனுபவிக்கும் உரிமையே மிஞ்சியது. 2013-இல் செய்த திருத்தம் அக்காலத்தை 75 ஆண்டு வரை நீட்டிக்க இடம் தந்தது. நீட்டித்தாலும் அது குத்தகை போன்றதே அன்றிப் பட்டா ஆகாது.

உரிமை ஆபத்தின் உச்சத்தைக் காணச் சைப்ரஸ் தீவுக்குச் செல்ல வேண்டும். 1974-இல் அத்தீவு பிளவுபட்டபோது வட பகுதியிலிருந்து கிரேக்க சைப்ரஸ்காரர்கள் வெளியேற நேர்ந்தது. அவர்கள் விட்டுச்சென்ற நிலம் பின்னர் மலிவாக அயல்நாட்டாருக்கு விற்கப்பட்டது. அப்படி வாங்கி மாளிகை கட்டிய ஓர் ஆங்கிலேயத் தம்பதியர்மீது பழைய உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். வீட்டை இடித்து நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சைப்ரஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கவேண்டும் என்று 2009 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. அதாவது, இங்கிலாந்தில் உள்ள சொத்துக்கும் ஆபத்து வந்தது! மலிவான விலைக்கு ஒரு காரணம் இருக்கும். அதை வாங்குமுன் கண்டுபிடிப்பதே அறிவு.

இரண்டாவது, கட்டி முடியாத வீடு. படத்தைக் காட்டி முன்பணம் வாங்குவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். முன்பணத்துக்கு பாங்கு அல்லது இன்ஷூரன்ஸ் உத்தரவாதம் தரவேண்டும் என்று ஸ்பெயினில் 1968-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. ஆனால் பலர் அந்த உத்தரவாதத்தைக் கேட்டு வாங்கவில்லை, விற்றவர்களும் கொடுக்கவில்லை. 2008-இல் கட்டட நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தபோது, பணமும் இல்லை, வீடும் இல்லை. உத்தரவாதத்தைச் சரிபாராமல் முன்பணத்தை வரவு வைத்த பாங்குகளும் பொறுப்பு என்று ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015 டிசம்பரில்தான். நீதி கிடைத்தது உண்மை. ஆனால் அறுபது வயதில் பணம் கட்டியவருக்கு ஏழாண்டுகள் கழித்துக் கிடைக்கும் நீதியின் மதிப்பு என்ன?

மூன்றாவது, நாணய மாற்று. 2007-இன் தொடக்கத்தில் ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 1.50 யூரோ கிடைத்தது. 2008-இன் இறுதியில் 1.02 அளவுக்கு இறங்கியது. மாதம் 600 யூரோ தவணை கட்டும் ஒருவருக்கு முதலில் 400 பவுன் போதும். இரண்டே ஆண்டில் 588 பவுன் தேவைப்பட்டது. சம்பளமோ பவுனில், அதே அளவு. நம் நிலையும் இதுவே. துபாயின் திர்ஹாம் அமெரிக்க டாலரோடு பிணைக்கப்பட்டது. 2010-இல் டாலருக்கு 45 ரூபாய் அளவில் இருந்த மாற்று விகிதம் 2025-இல் 85-ஐத் தாண்டியது. முழுப் பணத்தையும் முன்பே கொடுத்தவருக்கு இது இலாபமாகலாம். தவணை கட்டுபவருக்கோ தவணை வளர்ந்துகொண்டே போகும்.

நான்காவது, விலை வீழ்ச்சி. 2008-க்கும் 2014-க்கும் இடையில் ஸ்பெயினில் வீட்டு விலை மூன்றில் ஒரு பங்கு அளவு சரிந்தது. சரிந்த வீட்டின் சாவியை பாங்கிடம் ஒப்படைத்துவிட்டு வரலாமே என்றால், அந்நாட்டுச் சட்டப்படி பொதுவாகக் கடன் அத்துடன் தீராது. மிச்சக் கடனுக்கு வாங்கியவரே பொறுப்பு. துபாயிலும் 2008, 2009-இல் விலைகள் பாதியளவுக்கு விழுந்தன.

ஐந்தாவது, சட்டம் மாறுதல். பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு விலகியதும், ஸ்பெயினில் குடியுரிமைப் பதிவு இல்லாத ஆங்கிலேயர் 2021 முதல் 180 நாட்களில் 90 நாட்களே அங்கே தங்கலாம் என்றாயிற்று. சொந்த வீடு, ஆனால் தங்க நாள் கணக்கு! ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் தங்கும் உரிமை தரும் திட்டத்தை ஸ்பெயின் 2013-இல் கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் 3-இல் நிறுத்திவிட்டது. இல்லாத நாட்களில் வாடகைக்கு விடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்கள் அனைத்தையும் 2028 நவம்பருக்குள் முடித்துவிடப் போவதாக பார்சிலோனா நகராட்சி 2024-இல் அறிவித்தது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். இந்த ஐந்து ஆபத்துகளில் ஒவ்வொன்றும் நேர்வதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்றுதானே என்று தைரியம் வரும். ஆனால் ஐந்தும் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஐந்திலிருந்தும் தப்புவதற்கான வாய்ப்பு 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது. அதாவது நூற்றுக்கு 59. ஏதேனும் ஒன்று நேர்வதற்கு நூற்றுக்கு 41! தனித்தனியே சிறியவை, சேர்த்துப் பார்த்தால் பெரியவை.

மறுபுறம், விற்பவர் சொல்வார்: "ஐந்தும் ஒரே நேரத்தில் வருமா, ஐயா?" சாராத ஆபத்துகள் என்றால் அதற்கு லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். ஆனால் இவை சாராதவை அல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2008-இல் விலை விழுந்ததால் கட்டடக்காரர் முறிந்தார். அவர் முறிந்ததால் முன்பணம் போயிற்று. அதே நெருக்கடியில் பவுனும் விழுந்தது. இங்கிலாந்தில் வேலையும் போயிற்று. ஒரு கிளை முறிந்தால் மற்றொன்றைப் பிடிக்கலாம். எல்லாக் கிளைகளும் ஒரே மரத்தில் இருந்து, மரமே சாய்ந்தால் எதைப் பிடிப்பது?

ஆபத்து எதுவும் நேராவிட்டாலும் செலவு நேர்ந்தே தீரும். ஆண்டலூசியாவில் பழைய வீடு வாங்கினால் மாற்று வரி மட்டும் 7 விழுக்காடு. வழக்கறிஞர், நோட்டரி, பதிவுச் செலவுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 10 விழுக்காடு ஆகும். இரண்டு லட்சம் யூரோ வீட்டுக்கு 20,000 யூரோ. நாளொன்றுக்கு 100 யூரோ ஓட்டல் என்று வைத்தால் அது 200 நாள் தங்கும் செலவு. ஆண்டுக்கு நான்கு வாரம் என்றால் ஏழாண்டு விடுமுறை! இது வீட்டு விலையில் சேராத பணம். மேலும், வீடு பூட்டியே கிடந்தாலும் அயலாரிடம் அந்நாடு ஒரு கற்பித வருமானத்துக்கு வரி வாங்குகிறது. அடுக்குமாடியில் முன்னவர் வைத்துப்போன பராமரிப்புப் பாக்கி, நடப்பாண்டுக்கும் முந்தைய மூன்றாண்டுகளுக்கும், புதிதாக வாங்கியவர் தலையில் விழும்.

நம் நாட்டுச் சட்டத்தையும் மறக்கலாகாது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், இத்தகைய முதலீட்டுக்கு அனுப்பும் தொகையில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 20 விழுக்காடு முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. பின்னர் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆயினும் அதுவரை பணம் முடங்கும். வாங்கிய வீட்டை ஆண்டுதோறும் வரிக் கணக்கில் காட்டவேண்டும். காட்டத் தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

புலம்பெயர்ந்த நமக்குப் பூட்டிய வீட்டின் துன்பம் புதிதன்று. தஞ்சை மாவட்டத்தில் எங்கள் பாட்டனார் வீடு ஆண்டில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கிறது. கறையான் ஒரு பக்கம், ஓடு மாற்றுவது ஒரு பக்கம், வேலியை ஓரடி நகர்த்தும் அண்டை வீட்டார் ஒரு பக்கம். தமிழ் பேசும் ஊரிலேயே இப்பாடு என்றால், மற்ற இடத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

அப்படியானால் வாங்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. ஸ்பெயினில் வீடு வாங்கி நிம்மதியாக வாழ்வோர் ஏராளம். மாமாவிடமும் நான் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். விற்பவர் காட்டும் வழக்கறிஞரை விட்டு, நாமே அமர்த்திய வழக்கறிஞர் பத்திரத்தையும் கட்டட அனுமதியையும் பார்த்தாரா? முன்பணம் காப்புக் கணக்கில் இருக்கிறதா, அதற்கு எழுத்தில் சான்று உண்டா? அந்த ஊரில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகைக்குத் தங்கிப் பார்த்தோமா? இந்தப் பணம் முழுவதும் போனாலும் சோறும் மருந்தும் தடையின்றி நடக்குமா?

இவற்றுள் கடைசிக் கேள்வியே தலையானது. முதல் மூன்றும் ஆபத்தின் வாய்ப்பைக் குறைக்கும். நான்காவதோ, ஆபத்து வந்தபின் நாம் எழுந்து நிற்போமா என்பதைச் சொல்லும். வாய்ப்பு எவ்வளவு சிறியதானாலும், இழப்பு குடும்பத்தையே சாய்க்கக் கூடியது என்றால் அந்த ஆபத்து பெரியதே. நாளை நம்மில் பலர் அயல்நாடுகளுக்குச் செல்வோம், பொருள் ஈட்டுவோம், இத்தகைய பத்திரங்களில் கையெழுத்திடவும் நேரும். அன்று கையெழுத்திடுமுன் ஒரு தாளை எடுத்து, இலாபத்தை ஒரு பக்கமும் இழப்பை ஒரு பக்கமும் எழுதுங்கள். இழப்பின் பக்கத்தை முதலில் எழுதுங்கள்.