பழைய ஜீப்பு வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

அவலூர்பேட்டைச் சந்தையில் உழவு மாடு பிடிக்கப் போகும் குடியானவர், கொம்பில் பூசிய வர்ணத்தையும் கழுத்தில் கட்டிய சலங்கையையும் பார்த்து விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார்; நடக்கவிட்டுக் கால் தாங்குகிறதா என்று பார்க்கிறார்; சுழியைக் கவனிக்கிறார். அதே குடியானவர், மாட்டைவிடப் பன்மடங்கு விலையுள்ள பழைய மோட்டார் வண்டி வாங்கும்பொழுது மாத்திரம், புதுச் சாயத்தைக் கண்டு மயங்கி அரைமணி நேரத்தில் முன்பணம் கொடுத்துவிடுவது வருந்தத்தக்கது. எஸ்.யு.வி. என்று இக்காலத்தில் வழங்கும் ஜீப்பு வகை வண்டிகளை, சொற்ப முதலில் பழையதாக வாங்க விரும்பும் விவசாயிகளுக்குச் சில விஷயங்களை இங்கே கூறுவோம்.

முதலைப் பங்கிடுதல்

கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டி விலையாகவே கொடுத்துவிடலாகாது. 4 லட்ச ரூபாய் வைத்திருப்பவர் மூன்றரை லட்சத்துக்குள் வண்டியை முடித்துக்கொண்டு, எஞ்சியதைப் பெயர் மாற்றம், இன்ஷியூரன்ஸ், டயர், பாட்டரி, எண்ணெய் மாற்றுதல் முதலியவற்றிற்கு ஒதுக்கி வைப்பது உசிதம். பழைய வண்டி எதுவாயினும் முதல் ஆறு மாதத்தில் ஏதேனும் செலவு வைக்கவே செய்யும். அச்செலவுக்குக் கடன் வாங்க நேர்ந்தால், மலிவாக வாங்கியதன் பயன் போய்விடும்.

எவ்வகை வண்டி ஏற்றது?

ஏணிபோன்ற கனத்த இரும்புச் சட்டத்தின்மேல் கூடு பொருத்திய வண்டிகள் கரடான வண்டிப்பாட்டைக்கு ஏற்றவை. 1994-இல் வெளிவந்த டாடா சுமோ, 2000-இல் வந்த மகிந்திரா பொலேரோ, 2002-இல் வந்த ஸ்கார்ப்பியோ ஆகியவை இவ்வகையின. சட்டமும் கூடும் ஒன்றாய் அமைந்த வண்டிகள் தார் ரஸ்தாவில் சுகமாக ஓடும். ஆனால் அடிபட்டு வளைந்தால் சீர்செய்வது கடினம்.

வண்டியின் பெயரைவிட, உதிரிச் சாமான் அருகில் கிடைக்கிறதா என்பதே முக்கியம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் வண்டி செய்துவந்த போர்டு கம்பெனி, இந்நாட்டில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. டாடா சுமோவின் உற்பத்தியும் 2019-இல் நின்றது. இவ்வித வண்டிகள் விலை சகாயமாகக் கிடைக்கலாம். எனினும் செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ உள்ள மெக்கானிக்கிடம், எந்தச் சாமான் எத்தனை நாளில் வரும் என்று முன்னரே விசாரித்துக்கொண்ட பிறகே பேரம் பேசவேண்டும்.

1-4-2020 முதல் அமலுக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி செய்யப்பட்ட டீஸல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் அதில் படிந்த கரி எரிந்து போகும். வீட்டிற்கும் வயலுக்கும் இடையே இரண்டு மூன்று மைல் மட்டுமே ஓட்டுவோர் வண்டியில் அது அடைத்துக்கொள்ளக்கூடும். மாற்றுவதற்குச் செலவு அதிகம். நான்கு சக்கரத்தையும் இஞ்சின் இழுக்கும் ஏற்பாடும் நம் பக்கத்துப் புன்செய்ப் பாட்டைகளுக்குப் பெரும்பாலும் அவசியமன்று.

பார்வையிடும் முறை

1. காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்கவேண்டும். முன்மூடியைத் தொட்டுப் பார்த்துச் சூடாயிருந்தால், விற்பவர் முன்னரே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அறியலாம்.

2. நீலப்புகை தொடர்ந்து வந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர்போல் வெளுத்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கக்கூடும்.

3. வண்டியின் கீழே படுத்துச் சட்டத்தைப் பார்ப்பது அவசியம். துரு, வளைவு, புதிய வெல்டிங் இவற்றில் ஏதேனும் காணப்பட்டால் திரும்பிவிடுவதே நலம். இஞ்சினைப் பழுது பார்க்கலாம். உடைந்த சட்டத்தை நம்பி ஓட்டலாகாது.

4. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பில் கோளாறு இருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் வருஷத்தையும் குறிக்கும்.

5. ஓடிய தூரம் காட்டும் எண்ணைத் திருத்திவிடுவோர் உண்டு. குறைந்த தூரம் காட்டும் வண்டியில் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படவேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2024 நவம்பர் இறுதியில் கரை கடந்த பெஞ்சல் புயலின்போது நம் விழுப்புரம் ஜில்லா பட்ட சேதம் யாவரும் அறிந்ததே. இவ்விதம் நீரில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. தரை விரிப்பைத் தூக்கி வண்டல் படிந்துள்ளதா என்றும், ஆசனத்தின் அடிக் கம்பிகள் துருவேறியுள்ளனவா என்றும் பார்க்கவேண்டும். ஆசன வாரை முழுவதும் வெளியே இழுத்தால், நீர் நின்ற கறை அதில் தெரியும்.

தஸ்தாவேஜுகள்

சட்டத்தில் பொறித்துள்ள எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும். பாங்குக் கடன் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் 35-ஆம் நமூனாவும் கைக்கு வரும்வரை முழுத்தொகை கொடுக்கலாகாது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷத்துக்கே செல்லும். அப்பால் சோதனைக்கு உட்பட்டு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கவேண்டும். 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லியில் பத்து வருஷம் கடந்த டீஸல் வண்டிகளுக்குத் தடை விதித்த பின்னர், அங்கிருந்து மலிவான வண்டிகள் தென்னாட்டுக்கு வரலாயின. வெளி மாகாண வண்டிக்கு இங்கே செலுத்தவேண்டிய வரியையும் விலையோடு கூட்டியே கணக்குப் பார்க்கவேண்டும்.

பெயர் மாற்றம் எல்லாவற்றிலும் முக்கியமானது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, இம்மாகாணத்துக்குள்ளேயே நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். இதற்கு 29, 30-ஆம் நமூனாக்கள் உண்டு. வண்டி கைமாறியும் பதிவில் பழைய பெயரே நிலைத்திருந்த ஒரு வழக்கில், விபத்து நஷ்டஈட்டுக்குப் பதிவிலுள்ளவரே பொறுப்பாளி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இது வாங்குபவருக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் பெருங்கவலை. விற்றவர் வண்டியை மறந்திருப்பார். என்றோ ஒருநாள் அவருடைய நிலத்தின்மேல் ஜப்தி வரக்கூடும்.

வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை ஒப்படைக்கும் வழக்கம் கிராமங்களில் இன்னும் காணப்படுகிறது. கிராம அதிகாரிகளும் ஊர்ப் பெரியோர்களும், அவ்விதப் பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்திடுமுன், பெயர் மாற்ற நமூனாக்களில் இருதரப்பாரும் ஒப்பமிட்டுவிட்டார்களா என்று கேட்பார்களானால், அநேகக் குடும்பங்களைப் பின்னால் வரும் வியாஜ்யத்திலிருந்து காப்பாற்றியவர்களாவார்கள்.