சர்வருக்கு இரட்டைக் காவல்

வங்கியிலே பணம் எடுப்பதும், ரயிலுக்கு இடம் பதிவு செய்வதும், பரீட்சை முடிவை அறிந்துகொள்வதும் இன்று எந்த யந்திரங்களின் தயவால் நடைபெறுகின்றனவோ, அந்தச் சர்வர்களை அவற்றால் நன்மை பெறும் ஜனங்களில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. அவற்றைப் பராமரிக்கும் நிபுணர்களேகூட அன்றாடம் அவற்றின் முன்னால் போய் நிற்பதில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னே, குளிரூட்டிய அறையில், அநேகமாக வேறொரு நகரத்தில் அவை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவ்விதம் கண்ணுக்கு எட்டாத இடத்திலுள்ள யந்திரம் நலமாக இருக்கிறதா என்று அறிவது எப்படி, நடுநிசியில் அது செயலற்று நின்றுவிட்டால் மறுபடி இயக்குவது எப்படி என்னும் இரண்டு வினாக்களுக்கு விடையாக ஏற்பட்டவையே கண்காணிப்பு மென்பொருளும், தூரத்திலிருந்து நிர்வகிப்பதற்கான கன்ட்ரோலரும்.

கன்ட்ரோலர் என்பது சர்வரின் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும் மற்றொரு சிறிய கம்ப்யூட்டர். அதற்குத் தனியான பிராஸஸர் உண்டு. தனியான நினைவகம் உண்டு. நெட்வொர்க்கில் தனியான விலாசமும் உண்டு. பிரதான யந்திரத்தை அணைத்துவிட்டாலும், மின்சாரக் கேபிள் செருகியிருக்கும் வரையில் அது விழித்தபடியே இருக்கும். பொதுவாக பி.எம்.சி. என்று அழைக்கப்படும் இதற்கு டெல் கம்பெனியார் ஐடிராக் என்றும், எச்.பி.ஈ. கம்பெனியார் ஐலோ என்றும், ஃபுஜிட்சு கம்பெனியார் ஐ.ஆர்.எம்.சி. என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். உள்ளே உஷ்ணம் எவ்வளவு, மின்விசிறிகள் நிமிஷத்துக்கு எத்தனை முறை சுழல்கின்றன, வோல்டேஜ் சீராக உள்ளதா, பவர் சப்ளைகள் இரண்டும் வேலை செய்கின்றனவா என்பதையெல்லாம் ஓயாது கவனித்துக் குறித்துவைப்பது அதன் முதற் கடமை. சர்வரின் திரையில் தோன்றுவதை நூறு மைலுக்கு அப்பாலிருப்பவருக்குக் காட்டுவதும், அவர் கட்டளையிட்டால் யந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்குவதும் அதன் விசேஷ சக்திகள். ஒவ்வொரு கம்பெனியின் சாதனமும் ஒவ்வொரு பாஷை பேசினால் நிர்வாகம் சாத்தியமாகாது என்று கண்டு இன்டெல், டெல், எச்.பி., என்.ஈ.சி. ஆகிய நான்கு ஸ்தாபனங்களும் 1998-இல் ஐ.பி.எம்.ஐ. என்ற பொது விதியை வெளியிட்டன. அதன் இரண்டாம் பதிப்பு 2004-இல் வந்தது. டி.எம்.டி.எஃப். என்ற அமைப்பு 2015-இல் வெளியிட்ட ரெட்ஃபிஷ் என்ற புதிய விதி இப்போது மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்துவருகிறது.

இத்தனை ஆற்றல் படைத்த கன்ட்ரோலருக்கும் தெரியாத விஷயங்கள் ஏராளம். ஹார்ட் டிஸ்க் நிறைந்து இடமற்றுப் போயிற்றா, டேட்டாபேஸ் நின்றுவிட்டதா, நேற்றிரவு எடுக்கவேண்டிய பேக்கப் எடுக்கப்பட்டதா என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல இயலாது. ஏனெனில் இவையெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளே நிகழ்பவை. அவற்றை அறிய அந்தச் சிஸ்டத்துக்குள்ளேயே ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளை நிறுவி, அது திரட்டுகிற செய்திகளை மத்தியிலுள்ள ஒரு கண்காணிப்பு சர்வருக்கு வரவழைக்கவேண்டும். ஈத்தன் கால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்டு, பிற்பாடு நாகியோஸ் என்று பெயர் மாறிய மென்பொருளும், லாட்வியா தேசத்து அலெக்ஸி விளாடிஷேவ் 2001-இல் பொதுமக்களுக்கு அளித்த ஸாபிக்ஸ் என்ற மென்பொருளும் இத்துறையில் பிரசித்தமானவை. இரண்டையும் விலையின்றிப் பெறலாம்.

ரயில் வண்டியில் முன்னே டிரைவரும் பின்னே கார்டும் இருப்பது ஒருவர் காணாததை மற்றவர் காண்பதற்காகவும், அவசியம் நேர்ந்தால் பின்னிருப்பவர் தாமே பிரேக் போடுவதற்காகவும் அல்லவா? ஏஜென்டும் கன்ட்ரோலரும் அத்தகையவையே. ஏஜென்டிடமிருந்து செய்தி நின்றுபோய், யந்திரத்துக்கு மின்சாரம் ஓடுகிறது என்று மட்டும் கன்ட்ரோலர் சொல்லுமானால், ஆபரேட்டிங் சிஸ்டம் உறைந்துவிட்டது என்றோ, சர்வரின் நெட்வொர்க் கேபிள் கழன்றது என்றோ ஊகிக்கலாம். திரையைத் தூரத்திலிருந்தே திறந்து பார்த்தால் எது என்பது வெளிப்பட்டுவிடும். ஏஜென்ட் மௌனமாகி, கன்ட்ரோலரும் யந்திரம் அணைந்திருக்கிறது என்று கூறினால் இயக்குவதற்கு ஒரு கட்டளை போதும். இரண்டுமே மௌனமானால் கோளாறு பெரும்பாலும் அந்த யந்திரத்தைக் கடந்தது. அறையின் மின்சாரத்தையோ நெட்வொர்க்கையோ ஆராயவேண்டும். இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று பழுதாகி மற்றொன்று முழுச் சுமையையும் தாங்கும்போது, ஏஜென்ட் யாவும் நலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கன்ட்ரோலர் ஒன்றுதான் எச்சரிக்கும். ஒன்று மாத்திரம் இருந்தால் எட்டாத இந்த நிதானிப்பு, இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கும்போது கைகூடுகிறது.

ஸாபிக்ஸை உதாரணமாகக் கொண்டு இதை நிறுவும் முறையைப் பார்ப்போம். முதலில் கன்ட்ரோலருக்கென்று உள்ள பிரத்தியேகப் போர்ட்டில் கேபிளைச் செருகி, நிலையான ஒரு விலாசத்தைக் கொடுத்து, கம்பெனியார் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை உடனே மாற்றவேண்டும். பிறகு கண்காணிப்புக்கு மட்டும் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதற்கு யூஸர் என்ற கீழ்ப்படி அதிகாரத்தை மாத்திரம் தரவேண்டும்; உஷ்ணத்தைப் படிக்க வருபவனுக்கு யந்திரத்தை அணைக்கும் அதிகாரம் எதற்கு? அடுத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஏஜென்டை நிறுவி, எந்தக் கண்காணிப்பு சர்வர் கேட்டால் பதில் சொல்லலாம் என்பதை அதன் கான்ஃபிக் ஃபைலில் எழுதி, ஃபயர்வாலில் 10050 என்ற போர்ட்டை அந்த ஒரு விலாசத்துக்கு மட்டும் திறந்துவிடவேண்டும். ஐ.பி.எம்.ஐ. வழியாகக் கேள்வி கேட்கும் புராஸஸ்களின் எண்ணிக்கை ஸாபிக்ஸில் நிறுவிய மாத்திரத்தில் பூஜ்யமாக வைக்கப்பட்டிருப்பதால், அந்த எண்ணைக் கூட்டினாலன்றிக் கன்ட்ரோலரிடமிருந்து ஒரு செய்தியும் வாராது. இறுதியாக, சர்வரின் ஒரே பெயரின் கீழ் ஏஜென்டின் விலாசத்தையும், 623 என்ற போர்ட்டில் பதில் சொல்லும் கன்ட்ரோலரின் விலாசத்தையும் சேர்த்துப் பதிந்தால் இணைப்புப் பூர்த்தியாகும்.

நிறுவிய பின்னரும் கவனிக்கவேண்டிய சில உண்டு. கன்ட்ரோலரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்திலும் சர்வரின் கடிகாரம் நம் நேரத்திலும் ஓடினால், ஐந்தரை மணி வித்தியாசத்தில் இரண்டு லாக்குகளும் இருவேறு கதைகளைச் சொல்லும். ஆகையால் இரண்டையும் ஒரே நேர சர்வருடன் பொருத்தி, ஒரே நேர மண்டலத்திலும் வைக்கவேண்டும். அற்பக் காரணங்களுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பும்படி வைத்தால், அவற்றைப் படிப்பவர் சில வாரங்களில் படிப்பதையே நிறுத்திவிடுவார். சர்வருக்குள் புகும் காற்றின் உஷ்ணம் 18 முதல் 27 டிகிரி செல்ஸியஸ் வரை இருப்பது உத்தமம் என்று ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்துள்ளது. அளவுகளை இத்தகைய ஆதாரத்தைக்கொண்டு நிர்ணயிக்கவேண்டும்.

காவலின் வழி பிரதான வழியிலிருந்து வேறாக இருக்கவேண்டும் என்பதற்கு 2021 அக்டோபர் 4-ஆம் தேதி நிகழ்ந்ததைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. அன்று பராமரிப்பின்போது இட்ட ஒரு பிழையான கட்டளையால் ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைத்த நெட்வொர்க் அறுந்து, ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் ஸ்தம்பித்தன. தூரத்திலிருந்து சரிசெய்வதற்கென்று தனியே வைத்திருந்த நெட்வொர்க்கும் அப்போது பயனற்றுப் போனதாக அந்த ஸ்தாபனமே பின்னர் தெரிவித்தது. பொறியாளர்கள் நேரில் சென்று, கடுமையான பாதுகாப்புகளைக் கடந்து உள்ளே புகுந்த பிறகே யந்திரங்களைத் தொட முடிந்தது.

எனினும் எல்லாவற்றினும் பெரிய அபாயம் பாதுகாப்பைப் பற்றியது. யந்திரத்தை அணைக்கவும், திரையைப் பார்க்கவும், புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தையே ஏற்றவும் வல்ல கன்ட்ரோலர் தீயவர் கையில் சிக்கினால், உள்ளே வைத்த பூட்டுகள் எவையும் தடுக்கமாட்டா. ஐ.பி.எம்.ஐ. இரண்டாம் பதிப்பின் விதியிலேயே, கணக்கின் பெயரைச் சொல்லிக் கேட்கும் எவருக்கும் பாஸ்வேர்டின் சங்கேத உருவைக் கொடுத்துவிடும் பலவீனம் உள்ளது. இது விதியின் குறையாதலால் திருத்தம் போட்டு அடைக்க முடியாது. இயன்ற இடங்களில் ஐ.பி.எம்.ஐ.யை மூடி ரெட்ஃபிஷைக் கையாள்வதும், இயலாத இடங்களில் நீண்ட பாஸ்வேர்ட் வைத்துத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்குவதுமே மார்க்கம். அமெரிக்க சர்க்காரின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான சிஸா 2023 ஜூன் மாதத்தில், இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய இத்தகைய நிர்வாக வழிகளைக் கண்டறிந்த 14 நாட்களுக்குள் அகற்றவோ, தக்க கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரவோ வேண்டுமென்று தன் ஆட்சிக்குட்பட்ட இலாகாக்களுக்கு உத்தரவிட்டது.

கல்லூரியோ, ஆஸ்பத்திரியோ, சிறு வியாபார ஸ்தாபனமோ நடத்துபவர்கள் சர்வர் வாங்கும்போது டிஸ்க்கின் அளவையும் விலையையும் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். கன்ட்ரோலருக்குத் தனிப் போர்ட்டும் தேவையான லைசென்ஸும் உண்டா, பாஸ்வேர்ட் மாற்றப்பட்டதா, பவர் சப்ளை ஒன்றின் கேபிளை உருவினால் எச்சரிக்கை உரியவரின் கைக்கு வந்து சேருகிறதா என்ற மூன்றையும் அவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும். மூன்றாவதை வாய்ச்சொல்லாக ஏற்காமல், ஓய்வான ஒரு வேளையில் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது.