ஜார்ஜியா எப்படி இழுபறி மாநிலம் ஆச்சு?

11,779. 2020-ல ஜார்ஜியாவுல ட்ரம்ப்பை விட பைடன் கூடுதலா வாங்கின ஓட்டு அவ்வளவுதான். ஓட்டு போட்டது கிட்டத்தட்ட 50 லட்சம் பேர்! 1992-ல கிளின்டனுக்கு அப்புறம் அங்க எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் ஜெயிச்சதில்ல.

அப்போ மக்கள் மனசு மாறிட்டாங்களா? கொஞ்சம்தான். ஊரே மாறிடுச்சுங்கறதுதான் பெரிய காரணம். அட்லாண்டாவைச் சுத்தி வேலைகள் பெருகினதும் கறுப்பினக் குடும்பங்கள், லத்தீன் அமெரிக்கர்கள், கொரியர்கள், இந்தியர்கள்னு நிறைய பேர் குடியேறினாங்க. (நம்ம ஊர்க்காரங்களும்தான். ஆனா குடியுரிமை வாங்கினாத்தான் ஓட்டு, எச்-1பி வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.) காப், குவின்னெட் ரெண்டும் புறநகர் கவுன்ட்டிகள். 2012-ல ரெண்டையும் ராம்னி எடுத்தார், 2016-ல ரெண்டும் ஹிலாரிக்குப் போச்சு. இருந்தும் மாநிலம் ட்ரம்ப்புக்கே. கிராமப்புறம் அவருக்கு அள்ளிக் கொடுத்தது.

ஆள் வந்தா போதாது, லிஸ்ட்ல பேர் ஏறணும். ஸ்டேசி ஆப்ரம்ஸ் மாதிரி ஆட்கள் அந்த வேலையைப் பல வருஷம் பார்த்தாங்க. 2016-லிருந்து டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வேண்டாம்னு சொல்லலைன்னா பதிவும் ஆகிடும்.

ஒரு ஓட்டு முந்தினாலும் 16 தேர்வாளர் ஓட்டும் மொத்தமா போயிடும். அதனாலதான் ரெண்டு கட்சியும் இப்போ அங்க காசைக் கொட்டுது. 2024-ல ட்ரம்ப் ஜெயிச்சதும் 'பழையபடி ஆயிடுச்சு'ன்னாங்க. எனக்கு அப்படித் தோணல. அவர் வித்தியாசம் சுமார் 2 சதவீதம்; 2012-ல ராம்னிக்கு அது கிட்டத்தட்ட 8.