உங்களுக்குத் தெரியுமா?

சிதைந்த பல்லைப் பிசினால் அடைக்கும் முன், அதன்மேல் அமிலம் தடவப்படுகிறது!

• சுமார் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 15 முதல் 30 விநாடி பல்லின் மேலடுக்கான எனாமலில் இருந்தாலே போதும், நுண்குழிகள் உண்டாகிவிடும். கழுவி உலர்த்தினால் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கும். அக்குழிகளுக்குள் இறங்கும் பிசின், நீல ஒளி பட்டதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

• 1955இல் இந்த அமில முறைக்கு வழிகாட்டியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் பூனோகோர். அதற்கு முன் பரவலாக இருந்த அமால்கம் என்னும் பாதரச உலோகக் கலவை பல்லில் தானாக ஒட்டாது. அது கழன்றுவிடாமலிருக்க நல்ல பல்லையும் சேர்த்துக் குடைந்தார்கள்.

• கடைவாய்ப்பல்லின் முகடு உடைந்திருந்தாலும், இப்படிப் பிசினால் ஒட்ட முடிவதால், அந்தப் பகுதியை மட்டும் மூடும் ‘ஆன்லே’ பொருத்தலாம். பல்லை முழுதும் மூடும் ‘கிரவுன்’ என்றால் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். செதுக்கிய எனாமல் திரும்ப வளராது.