சோறு தொடாத நாயும் கையைக் கடிக்கும் குட்டியும்

சந்தவாசல் பக்கம் ஒரு நாய் தட்டைத் திரும்பிப் பார்க்காமல் படுத்துக் கிடந்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு, “கறி போட்டுப் பழக்கிட்டீங்க, கொழுப்பு ஏறிப்போச்சு” என்பதுதான். சில நேரம் அது உண்மையும்கூட. மற்ற நேரங்களில் அந்தப் பேச்சிலேயே இரண்டு நாள் போய்விடுகிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில் கொல்லை வீட்டுக்கு வீடு நாய் உண்டு. ஆட்டுப்பட்டிக்கும் மணிலா (வேர்க்கடலை) கொல்லைக்கும் அதுதான் காவல். ஆனால் மாடு தீனி எடுக்காவிட்டால் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள், நாய்க்கு என்றால் “பசிச்சா தானா தின்னும்” என்று விட்டுவிடுகிறார்கள்.

கொழுப்பா, காய்ச்சலா?

வளர்ந்த நாய் ஒரு வேளை சோற்றைத் தள்ளுவது பெரிய விஷயமில்லை. சித்திரை வெயிலில் தீனி குறையும். பக்கத்துத் தெருவில் பெட்டை பருவத்துக்கு வந்தால் கடுவன் சோற்றையே மறந்துவிடும். தண்ணீர் குடிக்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். இல்லையென்றால் பொறுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கோ ஒரு நாள் என்பதே அதிகம். வயிறு காய்ந்தால் அதற்கு இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறம் பார்க்கலாம். வெளுத்திருந்தால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். எர்லிச்சியா, பேபீசியா என்ற கிருமிகளைப் பழுப்பு நாய் உண்ணி கொண்டுவந்து சேர்க்கிறது. சோறு இறங்காது, உடம்பு கொதிக்கும், சில நாய்களுக்கு மூக்கில் இரத்தம் வடியும்.

உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. இரத்தம் குடித்து ஊதிய பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு, அது படுக்கும் திண்ணையை விட்டுவிட்டால் பயனில்லை. மண்ணெண்ணெய் பூசுவதும், பயிருக்கு அடிக்கும் மருந்தைக் கலக்கி ஊற்றுவதும் நாய்க்கே எமன். எர்லிச்சியாவுக்கு மருத்துவர் தரும் மாத்திரை பொதுவாக 28 நாள். நாலாம் நாள் நாய் சோறு தின்றுவிடும், நாமும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். காய்ச்சல் திரும்பி வருவது பல நேரம் இப்படித்தான்.

தட்டில் விழுவது என்ன

சோறு நாய்க்கு ஆகாது என்று நகரத்திலிருந்து ஒரு பேச்சு மலையடிவாரம் வரைக்கும் வந்துவிட்டது. அது சரியில்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதை, 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு உண்டு வாழ்ந்து பழகிய வயிறு அது. சோறோ கேழ்வரகோ சாமையோ போடலாம். கூடவே முட்டை, மசாலா போடாமல் வேகவைத்த கோழி போன்ற புரதமும் சேர வேண்டும். பாலும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்து வளர்க்கும் குட்டிக்குக் கழிச்சல்தான் மிச்சம். வெறும் கறியும் சோறும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்து போதாமல் முன்னங்கால் வில்லாக வளையும்.

ஆடி வெள்ளியில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் திரளும் நாட்களில் ஊரெங்கும் கறிக்குழம்புதான். மிச்சமெல்லாம் நாய்க்கு. வெந்த எலும்பு சிராய்போல் உடைந்து குடலைக் கிழிக்கும். கொழுப்பு அதிகமானால் கணையம் வீங்கி, நாய் வாந்தியோடு சுருண்டுவிடும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட், திராட்சை இரண்டும் கூடாது.

ஊர் அறிந்த ஆபத்து இன்னும் இரண்டு உண்டு. பூசணம் பிடித்த மணிலாவிலும் பிண்ணாக்கிலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நாயின் ஈரலைக் கெடுக்கும்; மாட்டுக் கழனித்தொட்டியில் வாய் வைக்கும் நாயைக் கவனியுங்கள். எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு கலந்த உருண்டையைத் தின்ற நாய்க்கு வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. நமக்கு வாங்கிய காய்ச்சல், வலி மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

மண் தின்னும் குட்டி

குட்டி மண்ணையும் சாணியையும் தின்றால் முதலில் குடற்புழுவை நினைக்க வேண்டும். உருண்டைப்புழு தாய் வயிற்றிலேயே தொற்றிவிடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். அதனால் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து, மூன்று மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. குட்டி கழித்த மண்ணில்தான் வீட்டுப் பிள்ளைகளும் வெறுங்காலோடு விளையாடுகின்றன.

சோறு தொடாமல் வாந்தியும், நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சலும் சேர்ந்து வந்தால் பார்வோ. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் இது. குட்டி செத்த வாசலில் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும், அடுத்து வரும் குட்டியையும் பிடிக்கும். “நாட்டு நாய்க்கு ஒண்ணும் ஆகாது” என்பது வெறும் நம்பிக்கை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் வரை இடைவெளி விட்டுத் தடுப்பூசி போட வேண்டும்.

கையைக் கடிக்கும் வயது

குட்டிக்கு 28 பால் பற்கள். நாலாவது மாதத்திலிருந்து அவை விழுந்து 42 பற்கள் முளைக்கும். ஈறு அரிக்கும், செருப்பு போகும். ஈரத்துணியை முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். அடிக்க வேண்டாம். கடித்த நொடியில் கையை எடுத்து, எழுந்து போய்விடுங்கள். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பது சில வாரத்தில் அதற்குப் புரியும்.

எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். கண் திறந்ததும் தூக்கிவந்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நடுவண் அரசு விதியே சொல்கிறது. சும்மா வாங்குகிறவர்களும் அதைப் பின்பற்றலாம்.

தின்னும்போது உறுமும் குட்டியின் தட்டைப் பிடுங்கிப் பார்ப்பது வீரமில்லை. பக்கத்தில் போகும்போதெல்லாம் ஒரு முட்டைத் துண்டைப் போட்டுவிட்டு நகருங்கள். மனிதர் வந்தால் தீனி கூடும் என்று அது கற்றுக்கொள்ளும். பிள்ளைகளை அந்த நேரத்தில் கிட்டே விடாதீர்கள்.

‘தொண்டையில் எலும்பு’

நாய் தின்னப் போகிறது, முடியவில்லை. தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, குரைப்பு கம்மிப்போயிருக்கிறது. பார்க்கிறவர்கள் தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று வாய்க்குள் கையை விடுகிறார்கள். வெறிநோயில் தொண்டையும் தாடையும் செயலிழப்பதும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். கையில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் அந்த எச்சில் போதும். எலும்புதானா என்று பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

குட்டிக் கடியும் கடிதான். பால் பல் கீறியதற்கெல்லாம் ஊசியா என்று கேட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று அங்கேயே கேளுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் பார்க்கலாம், ஆனால் ஊசியை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். சந்தேகப்படும் நாயைத் தொடாமல் ஓர் அறையிலோ பட்டியிலோ அடைத்துவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. அதற்கு முன்பே வாயில் கைவிட்டவர் யாரென்று வீட்டில் கேட்டு, அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.