ஸ்பீக்கர்ல 'உம்ம்'னு இரைச்சலா? பவர் கண்டிஷனர் வாங்கும் முன் இதைப் பாருங்க!

ஹோம் தியேட்டரை ஆன் செய்ததுமே, பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கடையில் கேட்டால், "கரண்ட் சுத்தமா இல்ல சார், பவர் கண்டிஷனர் போடுங்க" என்பார்கள். உண்மையிலேயே அது தேவையா?

அது என்ன செய்யும்?

மின்சாரத்தோடு கலந்து வரும் இரைச்சலை வடிகட்டும். திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பாகமும் பலவற்றில் உண்டு. ஆனால் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி கரண்ட்டை ஆம்ப்ளிஃபயர் அப்படியே பயன்படுத்துவதில்லை. உள்ளே இருக்கும் பவர் சப்ளை அதை டிசியாக மாற்றி, வடிகட்டித்தான் கொடுக்கிறது. வெளியே இன்னொரு வடிகட்டி போட்டால் பாட்டு இனிக்கும் என்பது பெரும்பாலும் விற்பனைப் பேச்சுதான். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது கரகரன்னு சத்தம் வந்தால் மட்டும், வடிகட்டி கொஞ்சம் உதவலாம்.

அப்போ 'உம்ம்' எங்கிருந்து வருது?

பெரும்பாலும் எர்த் வழியாக. ஆம்ப்ளிஃபயருக்கு சுவர் பிளக்கில் ஒரு எர்த். செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயர் வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடும் சிறு கரண்ட்தான் ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்கிறது. சோதிப்பது ஈஸி: கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்க. சத்தம் நின்றால் காரணம் அதுதான். அந்த ஒயருக்கு ஐசோலேட்டர் போடலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் மாட்டினாலே சில வீடுகளில் சரியாகிவிடும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்தாலும் இரைச்சல் நிற்கும். பலரும் சொல்லிக் கொடுக்கும் 'டிப்ஸ்' இது. ஆனால் உள்ளே ஒரு ஒயர் கழன்று பாடியில் பட்டால், தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். உயிரே போகலாம்.

செட் எரியாம இருக்க?

ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும். மின்னல் வேகத்தில் வரும் ஸ்பைக்கைத் தடுக்காது. அதற்கு சர்ஜ் புரொடெக்டர் வேண்டும். அதன் உள்ளே இருக்கும் பாகம் ஒவ்வொரு அடிக்கும் தேயும்; பாதுகாப்பு விளக்கு அணைந்தால் மாற்றிடணும். த்ரீ பேஸ் லைனில் நியூட்ரல் கட் ஆனால், 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கலாம். அதை சர்ஜ் புரொடெக்டராலும் தாங்க முடியாது. ஓவர் வோல்டேஜ் வந்தால் தானாக கட் செய்யும் கருவி தேவை. இந்த இரண்டையும் போட்ட பிறகு, காசு மிச்சமிருந்தால் கண்டிஷனரைப் பற்றி யோசிக்கலாம்.

இடி இடிக்கப் போகிறது என்று தெரிந்தால், மழைக்கு முன்பே பிளக்கையும் கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றிடுங்க. ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது.